ஒற்றைப் பத்தி கேலிச்சித்திரம்: காசுக்குத் தகுந்த சிரிப்பா?

தலையங்கத்தைத் தாண்டிப் போகிறவரும் நின்று பார்க்கும் சரக்கு இது. 1939-இல் லண்டன் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ நாளிதழில் ஆஸ்பர்ட் லங்காஸ்டர் தொடங்கிய பாக்கெட் கார்ட்டூனின் அளவு, செய்தித்தாளின் ஒரே பத்தி (column) அகலம்.

படம் பாதி சொல்ல வேண்டும், அடிவரி மீதியை. இரண்டும் ஒன்றையே சொன்னால் சிரிப்பு வராது. பேசுகிறவரைவிட, பக்கத்தில் வாய் திறக்காமல் நிற்பவர் முகத்தில்தான் நையாண்டி; கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த ‘காமன் மேன்’ என்ற சாமானியர் பேசாமலே ஜெயித்தார்.

சொதப்புவது? குடை, பெட்டி எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டுவது. அச்சு இன்னும் மோசம்: நிழல் காட்டப் போடும் நெருக்கமான குறுக்குக்கோடுகள் மட்டக் காகிதத்தில் மை பரவிக் கறுப்புத் திட்டாகிவிடும். அமைச்சரை நம்பிய ஜோக் சீக்கிரம் காலாவதி. வீட்டு வாடகை, கடை வரிசை பற்றிய ஜோக் வருடக்கணக்கில் தாங்கும். கைபேசியில் என்றால் பெரிதாக்கிப் பாருங்கள், மூலையில் இரண்டாவது ஜோக் ஒளிந்திருக்கும்.