மெமரி பார்த்து ஜொப் பிரிக்கிறோம் என்று சொல்லிக் காசு வாங்குகிறார்கள்: திருகோணமலை ஆட்கள் கவனம்

கோணேசபுரி வளாகப் பிள்ளைகளும் உவர்மலைப் பக்கம் சின்னதாக மெஷின் லேர்னிங் வேலை செய்கிறவர்களும் காசு கட்டுவதற்கு முதல் இதை வாசியுங்கள். கிளஸ்டர், அதாவது பல கணினிகளை இணைத்த தொகுதி, வாடகைக்குத் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் இங்கே ஆள் பிடித்துக்கொண்டு திரிகிறது. பெயர் எழுதவில்லை. உங்களிடம் வந்தால், கதையை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

மீன் வாடியில் எடுத்த போட்டோவை வைத்து பாரை, சூரை, விளைமீன் என்று இனம் பிரிக்கிற மொடல் ஒன்றை நாங்கள் பழக்கிக்கொண்டிருக்கிறோம். லப்டொப்பில் அது நடக்காது. உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் அவர்கள் வைத்த கூட்டத்தில், எங்கட ஸ்கெட்யூலர் (ஓடவிடுகிற வேலைகளை, அதாவது ஜொப்களை, மெஷின்களுக்குப் பிரித்து அனுப்பும் மென்பொருள்) ஒவ்வொரு ஜொப்புக்கும் எவ்வளவு மெமரி வேண்டும் என்று பார்த்து, இடமிருக்கிற மெஷினுக்குத்தான் அனுப்பும் என்றார்கள். 8 கோர் (புரோசசரின் பகுதிகள்), 64 ஜிபி ராம், ஜீபியூவில் (மொடல் பழக்குகிற கணக்கைச் செய்யும் கார்டு) எங்களுக்கென்று ஒதுக்கிய 4 ஜிபி. இதெல்லாம் எழுத்திலும் இருக்கிறது. மணித்தியாலக் கணக்கில் காசு, முற்பணம் தனி.

ஜொப் பாதியில் சாகத் தொடங்கியது. லொக்கின் (ஓட்டப் பதிவின்) கடைசி வரியில் 'கில்ட்' என்ற ஒரே சொல், நின்ற காரணத்தைச் சொல்லும் எக்சிட் கோட் 137. அது 128உம் 9உம் சேர்ந்தது: சிக்னலால் செத்தால் 128உடன் அந்த சிக்னலின் எண் கூடும். 9 என்றால் வெளியிலிருந்து யாரோ பிராசஸைக் கொன்றிருக்கிறார்கள். செத்த ஜொப்புக்கும் பில் வந்தது.

போன் எடுத்தால், "தம்பி, உங்கட கோட்லதான் மெமரி லீக். டேட்டாலோடர் வேர்க்கரைக் குறைச்சுப் பாருங்கோ" என்றார்கள். வேர்க்கர், அதாவது போட்டோக்களை ஏற்றித் தருகிற துணை பிராசஸ், கூடினால் மெமரி ஏறும் என்பது உண்மைதான், அதனால்தான் முதலிலிருந்தே குறைவாக வைத்திருந்தோம். அவர்களின் ஸ்கெட்யூலரான ஸ்லர்மில், ஓடின ஜொப்பின் கணக்கைக் காட்டும் எஸ்அக்ட் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் மேக்ஸ்ஆர்எஸ்எஸ், அதாவது பாவித்த உச்ச மெமரி, 31 ஜிபி. கேட்டது 64, பாவித்தது அதில் பாதிகூட இல்லை. அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள்: 30 செக்கனுக்கு ஒரு தடவைதான் அது அளக்கும், நடுவில் ஏறி இறங்கினால் தெரியாதாம். சரி, எங்கட ப்ரோகிராம் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் தன் மெமரியை எழுதி வைக்கிறது. அந்தப் பைலை அனுப்பினோம். அதற்குப் பிறகு பதில் இல்லை.

அப்போதுதான் ஸ்லர்மின் செட்டிங்கைக் காட்டும் 'எஸ்கன்ட்ரோல் ஷோ கன்ஃபிக்' அடித்தோம். சாதாரண யூசருக்கும் அது வேலை செய்யும். செலக்ட்டைப்பராமீட்டர்ஸ் என்ற வரியில் இருந்தது சீஆர்_கோர். சீஆர்_கோர்_மெமரி என்றிருந்தால்தான் ஸ்லர்ம் மெமரியையும் கணக்கில் எடுத்து ஜொப் போடும். வெறும் சீஆர்_கோர் என்றால் கோர் மட்டும்தான் எண்ணப்படும். நோட்டை, அதாவது ஜொப் ஓடுகிற மெஷினை, பார்த்தால் இன்னும் கூத்து: ரியல்மெமரி 128000 (எம்பியில்), நாலு ஜொப் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒதுக்கின மெமரியைக் காட்டும் அலொக்மெம் 0! 32 கோர் மெஷினில் ஆளுக்கு 8 கோர் என்று நாலு பேர்; நாலு பேருக்கும் 64 ஜிபி என்றால் 256. மெஷினில் இருப்பதோ 128. கொழும்பு இரவு பஸ்ஸில் ஒரே சீட்டை இரண்டு பேருக்கு புக் பண்ணின மாதிரி. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மெமரி தேவைப்பட்டால் லினக்ஸ் கர்னல் தன் கணக்குக்கு ஒருவனைப் பிடித்துக் கொல்லும். மிஞ்சிப் பாவித்தவன்தான் சாவான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஸ்லர்மில் பிழை இல்லை. அது இலவச மென்பொருள், திருத்த வேண்டியது கன்ஃபிக் பைலில் சில வரிதான். திருத்தினால் ஒரு மெஷினை நாலு பேருக்கு விற்க முடியாது, அதுதான் விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

ஜீபியூ கதை இதைவிட மோசம். அவர்களிடம் இருந்தது என்விடியாவின் டீ4 கார்டு, 16 ஜிபி. அந்தக் கார்டை ஹார்ட்வெயரிலேயே துண்டாடி மெமரியைப் பிரித்துத் தரும் மிக் வசதி அதில் கிடையாது. அது 2020இல் வந்த ஏ100 போன்ற கார்டுகளில்தான் உண்டு. இவர்கள் செய்தது டைம் ஸ்லைசிங். நேரத்தைத்தான் அது பங்கிடும், மெமரிக்கு வேலி போடாது. எங்கட ஜொப் தொடங்கி, ஒரு டென்சர்கூட (மொடலின் எண் அட்டவணை) ஏற்றுவதற்கு முதல், ஜீபியூ நிலையைச் சொல்லும் என்விடியா-எஸ்எம்ஐ காட்டியது 13 ஜிபிக்கு மேல் பாவனையில். "ஒதுக்கிய 4 ஜிபி" எங்கே?

யாராவது உங்களிடம் இப்படி வந்தால், காசு கொடுக்க முதல் அவர்கள் முன்னாலேயே ஒரு ஜொப் போடுங்கள்: 1 ஜிபி கேட்டுவிட்டு 10 ஜிபி எடுக்கிற ஜொப். ஒழுங்கான கிளஸ்டர் என்றால் அந்த ஜொப்பை மட்டும் அவுட்_ஒஃப்_மெமரி என்று கொன்றுவிடும். ஒன்றும் நடக்காதது போல ஓடினால் எழும்பி வந்துவிடுங்கள். நேரமிருந்தால், ஒரே நோட்டைப் பெயர் சொல்லி, அதன் மெமரியில் பாதிக்கு மேல் கேட்கிற ஜொப் இரண்டு அனுப்புங்கள். இரண்டாவது பெண்டிங்கில் (காத்திருப்பில்) நிற்க வேண்டும்.

முற்பணத்தைத் திருப்பித் தரச் சொன்னோம். காசு தரமாட்டார்களாம், அடுத்த மாதப் பாவனைக்குக் 'கிரெடிட்' தருவார்களாம். அதே மெஷினில்! பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறோம், அவர்களின் இலக்கம் 1977. இதே நிறுவனத்திடம் மாட்டினவர்கள் பில்லையும் எஸ்அக்ட் வெளியீட்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு உள்பெட்டிக்கு வாருங்கள், சேர்த்து அனுப்புவோம்.