செந்தூல் பிரேக் பட்டறை: 14.5 மீட்டரிலிருந்து 9.5 மீட்டருக்கு

கோலாலம்பூர், செந்தூலில் கடைவீடுகளின் பின்சந்தில் இயங்கும் சிறிய பட்டறை ஒன்றில் எங்கள் பழைய மைவி காரின் பிரேக்கைப் பழுதுபார்த்தோம். "இப்போது நன்றாகப் பிடிக்கும்" என்று எல்லாப் பட்டறைகளிலும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள் என்பதால், வேலைக்கு முன்பும் பின்பும் காரின் எதிர்முடுக்கத்தை, அதாவது பிரேக் பிடிக்கையில் வேகம் குறையும் வீதத்தை, நாங்களே அளந்தோம்.

ஞாயிறு காலையில், ஆளில்லாத, காய்ந்த வாகன நிறுத்துமிடத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, அடையாளமாக வைத்த தண்ணீர்ப் போத்தலை முன்சக்கரம் எட்டியதும் பிரேக்கை முழுதாக மிதித்து, கார் நின்ற இடம்வரை நாடாவால் அளந்தோம். எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் என் மகள் கணக்குப் போட்டாள்: வேகத்தை நொடிக்கு 11.1 மீட்டராக மாற்றி, அதன் வர்க்கத்தை நின்ற தூரத்தின் இருமடங்கால் வகுத்தாள். பழுதுபார்க்கும் முன் தூரம் 14.5 மீட்டர், எதிர்முடுக்கம் 4.3 மீட்டர்/நொடி², பின்னர் 9.5 மீட்டர், 6.5 மீட்டர்/நொடி². ஜாலான் ஈப்போவில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இந்த வேறுபாடு ஏறத்தாழ 11 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட மூன்று மைவி நீளம் ஆகிறது.

வேகமானியின் முள் மெய்யான வேகத்தைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும். குறைத்துக் காட்ட ஐ.நா. விதி 39 இடந்தராது. கணக்கில் வேகம் வர்க்கமாக வருவதால், மெய்வேகம் 38 என்றாலே 6.5 என்பது 5.9 ஆகிவிடும். ஆயினும் இரு சோதனைகளிலும் முள் ஒன்றே என்பதால் ஒப்பீடு கெடுவதில்லை.

முன்சக்கரங்களின் பிரேக் பேட்கள் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகள்) தேய்ந்து, மேற்பரப்பு கண்ணாடிபோல் இறுகியிருந்ததை மெக்கானிக் கழற்றிக் காட்டினார். சக்கரத்தோடு சுழலும் வட்டத் தட்டான டிஸ்க்கின் தடிமனை அளந்து, அதை மாற்றத் தேவையில்லை என்று அவரே சொன்னார். தேநீர் நிறத்துக்கு மாறியிருந்த பிரேக் எண்ணெயை வடித்து, எங்கள் கண்முன் திறந்த டாட் 4 தர பிரேக் எண்ணெய்ப் போத்தலிலிருந்து ஊற்றிக் காற்றை வெளியேற்றினார். இந்த எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸாக இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரமேறிய நிலையில் 155 பாகைவரை இறங்கலாம் என்பதால், பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்தால் பிடிக்காமல் போகக்கூடிய கெந்திங் மலையிறக்கத்தில் இது விளையாட்டல்ல.

இரண்டாம் சோதனையில் ஏ.பி.எஸ். (சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இயங்கிப் பெடல் காலடியில் துடித்தது. பிரேக்கின் வலு டயரின் பிடிப்பை மிஞ்சிவிட்டது என்பதே அதன் பொருள். 6.5-ஐ 9.8 ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.66 என்ற உராய்வு, ரப்பர் இறுகிப்போன எங்கள் டயர்களின் எல்லை. மாலை மழையில் அது இன்னும் குறையும். டயரை மாற்றும்படி மெக்கானிக்கும் சொன்னார், தாம் அதை விற்காதபோதும்.

குறை என்றால், இரண்டு மணி நேரம் காத்திருக்க நாற்காலிகூட இல்லை. ரசீதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. புது டயர் போட்டதும் போத்தலையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குச் செல்ல இருக்கிறோம்.