சன் டி5220 சர்வரும் டெபியனும்: லாஸ்பேட்டை வீட்டில் ஓராண்டு அனுபவம்

தமிழ் உரைக் கோப்புகளைக் கையாளும் சில நிரல்களைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், எண்ணின் பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும் பிக் எண்டியன் வரிசையில் இயங்கும் கணினி ஒன்று கையருகே இருக்க வேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-16 முறையில் ‘அ’ என்ற எழுத்து 11, 133 ஆகிய இரண்டு பைட்டுகளாக அமைகிறது. அவற்றின் வரிசையைக் கவனிக்காமல் எழுதப்பட்ட நிரல், எதிர்வரிசையில் இயங்கும் இன்டெல் கணினிகளுக்குள்ளேயே கோப்பைக் கொடுத்து வாங்கும் காலம் முழுவதும் தன் பிழையைக் காட்டிக்கொள்வதே இல்லை. அதை வெளியே கொண்டுவருவதற்காகத்தான் சென்னையில் பழைய சர்வர்களை விற்கும் ஒருவரிடமிருந்து பிக் எண்டியன் வரிசையில் இயங்கும் ஸ்பார்க் வகைச் செயலி கொண்ட சன் ஸ்பார்க் என்டர்பிரைஸ் டி5220 ஒன்றை, வண்டி வாடகை உட்பட 21,000 ரூபாய்க்கு வாங்கி, புதுச்சேரி லாஸ்பேட்டையில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இந்த வகை சர்வர் 2007இல் விற்பனைக்கு வந்தது. இதன் அல்ட்ராஸ்பார்க் டி2 சில்லில் 8 கோர்கள் (கணக்கிடும் மையங்கள்) உள்ளன. ஒவ்வொரு கோரும் 8 த்ரெட்களை (ஒருசேர ஓடும் பணி இழைகளை) நடத்துவதால், லினக்ஸ் கண்ணுக்கு இது 64 செயலிகள் கொண்ட இயந்திரமாகத் தெரியும். மானிட்டர் இணைக்க இதில் வழியில்லை. பின்புறமுள்ள சீரியல் மேனேஜ்மென்ட் துளையில், ரவுட்டர்களுக்குப் பயன்படுத்தும் நீல நிறக் கன்சோல் கேபிளைச் செருகி, மினிகாம் என்ற கன்சோல் நிரலில் 9600 வேகம் வைத்தால் ஐலாம் எனப்படும் மேலாண்மைப் பகுதி பதில் தருகிறது. அங்கிருந்து இயந்திரத்தை முடுக்கி, கன்சோலுக்குள் சென்று, இயங்குதளத்தை ஏற்றிவைக்கும் ஓபன்பூட் நிரலின் ‘ஓகே’ என்ற சொல் திரையில் வந்து நிற்பதைக் கண்டபோது வேலை எளிதாக முடிந்துவிடும் என்றே நம்பினேன். முடிய மூன்று வாரம் ஆயிற்று.

முதல் சிக்கல் லினக்ஸைத் தொடுவதற்கு முன்பே வந்தது. 32 ஜிபி நினைவகம் இருப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட சர்வர் 4 ஜிபியை மட்டுமே காட்டியது; த்ரெட்களும் 64க்குப் பதிலாக 8 மட்டுமே தெரிந்தன. மெமரி கார்டுகளைக் கழற்றித் துடைத்து மாட்டியும் பயனில்லை. முன்பு வைத்திருந்தவர்கள் இந்த ஒரே பெட்டியை லாஜிக்கல் டொமைன் முறையில் பல சர்வர்களாகப் பிரித்து வைத்திருந்ததும், அந்தப் பங்கீடு வட்டில் அல்லாமல் மேலாண்மைப் பகுதியிலேயே தங்கியிருந்ததும் பிறகுதான் விளங்கின. ஐலாமில் ஹோஸ்டின் பூட்மோட் அமைப்பை ஃபேக்டரி டிஃபால்ட் என்று மாற்றி, இயந்திரத்தை ஒருமுறை அணைத்து ஏற்றியதும் எல்லாம் திரும்பி வந்தன. வட்டுகளை மாற்றினால் பழைய உரிமையாளரின் சுவடு போய்விடும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 7ஆம் பதிப்புதான் ஸ்பார்க்கை அதிகாரபூர்வமாக ஆதரித்த கடைசி வெளியீடு. இன்று ஸ்பார்க்64 பதிப்பைத் தன்னார்வலர்கள் டெபியன் போர்ட்ஸ் என்ற தனிக் களஞ்சியத்தில் காத்து வருகிறார்கள். அவர்களுடைய உழைப்பு இல்லையென்றால் இந்தச் சர்வர் எனக்கு வெறும் இரும்புதான். பொதிகள் (நிரல் தொகுப்புகள்) உண்மையானவையா என்று சரிபார்க்க உதவும் அந்தக் களஞ்சியத்தின் கையொப்பச் சாவி காலாவதியாகிப் புதுப்பிக்கப்படுவது வழக்கமாதலால், பழைய நிறுவல் வட்டு பாதியிலேயே கையொப்பப் பிழை காட்டி நின்றுவிடும். நான் புதிய வட்டையே எழுதியிருந்தும் அதே பிழை வந்தது. காரணம், தாய்ப்பலகையின் பேட்டரி தீர்ந்து, கடிகாரம் சில ஆண்டுகள் பின்தங்கியிருந்ததுதான். அந்தக் கடிகாரத்தின் கணக்கில் சாவி இன்னும் பிறக்கவே இல்லை. என் இணைப்பில் நேரச் சேவையகத்தை எட்ட முடியாததால், நிறுவியின் ஷெல்லுக்குச் சென்று தேதியைக் கையால் திருத்தினேன்; பொதிகள் இறங்கத் தொடங்கின.

மிகுதியான நாட்களை விழுங்கியது வட்டுப் பிரிப்பு. டி2 காலத்து ஃபர்ம்வேர் (இயந்திரத்துக்குள்ளேயே பதிந்த மென்பொருள்), வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் ஜிபிடி அட்டவணையை அறியாது. சன் லேபிள் என்ற பழைய அமைப்பையே கேட்கும். அந்த லேபிள் வட்டின் முதல் 512 பைட்டுகளிலும், லினக்ஸை ஏற்றிவிடும் க்ரப் நிரலின் தொடக்கத் துண்டு அடுத்த 512 பைட்டுகளிலும் அமர்கின்றன. முதல் பிரிவும் வட்டின் அதே தொடக்கத்திலிருந்து ஆரம்பிப்பதால், அந்த 1024 பைட்டுகளைத் தொடாத கோப்பு முறைமைதான் அங்கே இருக்கலாம். ஈஎக்ஸ்டி வகை அந்த இடத்தைக் காலியாக விட்டுவைக்கும். எக்ஸ்எஃப்எஸ் தன் தலைப்பை முதல் பைட்டிலிருந்தே எழுதும். இதை அறியாமல் நான் முதல் பிரிவை எக்ஸ்எஃப்எஸ் ஆக அமைத்தேன். மறுதொடக்கத்தில், வட்டின் லேபிளைப் படிக்க இயலவில்லை என்ற ஒற்றை வரியைச் சொல்லிவிட்டு ஓபன்பூட் நின்றது. வட்டு பழுது என்று கருதி வேறு வட்டும் வாங்கி, அதிலும் அதே வரியைப் பார்த்த பின்னரே லேபிளின் மேல் எழுதி அழித்தவன் நான்தான் என்பது உறைத்தது. இப்போது முதல் பிரிவு ஈஎக்ஸ்டி4 வகைச் சிறிய பூட் பிரிவாக இருக்கிறது. இந்த லேபிளில் க்ரப் தன் மையக் கோப்பை வட்டில் அது கிடக்கும் இட எண்களைக் கொண்டே தேடுவதால், நிறுவும்போது ஃபோர்ஸ் என்ற சொல்லைச் சேர்த்தே கொடுக்க வேண்டியிருந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது போன மின்சாரம் திரும்பியதும், கடிகாரம் மீண்டும் பின்னால் போயிருந்தது. அன்றே பேட்டரியை மாற்றியிருக்க வேண்டும். மாற்றியது அடுத்த வாரம். மின்தடை பழகிப்போன நம் ஊரில் வாங்குபவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

இயக்கத்தில் குறைகளும் உண்டு. விசிறிகளின் இரைச்சலால் இதைப் படுக்கையறைக்குப் பக்கத்தில் வைக்கவே முடியாது. நான் மாடியறைக்கு மாற்றிவிட்டேன். ஒற்றை த்ரெட்டின் வேகம் இன்றைய மடிக்கணினிக்கு வெகு தொலைவில் இருக்கிறது. இணையதளம் நடத்தவோ கோப்புகளைச் சேமித்து வைக்கவோ இதை வாங்குவது பணத்தையும் மின்சாரத்தையும் வீணாக்குவதாகும். ஃபர்ம்வேர் மேம்பாடுகள் சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிளின் ஆதரவு ஒப்பந்தம் உள்ளவர்களுக்கே கிடைப்பதால், பெட்டியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதை விற்பவரிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

எந்த வேலைக்காக வாங்கினேனோ அதில் எனக்கு முழு மனநிறைவு. இன்டெல் கணினியில் உருவான சொற்பட்டியல் ஒன்றை இங்கே திறந்தபோது, ‘அம்மா’ என்ற சொல் ஐந்து வேற்று எழுத்துகளாக விரிந்தது. முதலில் நின்றது ஒரு சீன எழுத்து. ஆறு ஆண்டுகளாக யாருக்கும் தெரியாமல் இருந்த பிழை அது. அதே வாரத்தில் இன்னொரு நிரல் பஸ் எரர் என்று விழுந்தது. நான்கால் வகுபடாத முகவரியிலிருந்து நான்கு பைட்டுகளைச் சேர்த்துப் படிக்க அது முயன்றிருந்தது. இன்டெல் பொறுத்துக்கொள்ளும் இந்தத் தவற்றை ஸ்பார்க் பொறுப்பதில்லை. இரண்டையும் திருத்தி வெளியிட்டுவிட்டேன். மூன்றாவதாக ஒன்றின் சோதனை இப்போது மாடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.