நான்கு ப்ராஜெக்ட், ஒரே எடிட்டர்: ஆறு ஆண்டு அனுபவம்

பெங்களூரில் அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோவில் போய்வருகிறேன். ஆறு ஆண்டுகளாக வேலை முழுவதும் நிரல் எழுதும் எடிட்டரான விஷுவல் ஸ்டுடியோ கோடில்தான். இப்போது கையில் பைத்தானில் இரண்டு, கோ மொழியில் ஒன்று, ஜாவாஸ்கிரிப்டில் ஒன்று என நான்கு ப்ராஜெக்ட்கள்.

முதல் இரண்டு ஆண்டுகள் எல்லா அமைப்புகளையும், எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் பொதுவான பயனர் அமைப்பிலேயே குவித்து வைத்திருந்தேன். சேமிக்கும்போதே நிரலை ஒழுங்குபடுத்தும் வசதியும் அதில் சேர்த்தி. ஒரு நாள் பழைய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் மூன்று வரிகளைத் திருத்திச் சேமித்தேன். நிரலை ஒழுங்குபடுத்த எடிட்டரில் சேர்த்திருந்த பிரிட்டியர் என்ற நீட்சி ஒற்றை மேற்கோள்களை எல்லாம் இரட்டையாக்கி, நீண்ட வரிகளை 80 எழுத்தில் உடைத்துவிட்டது. குழுவில் மூத்தவரான மதுரைக்கார அண்ணன் என் இருக்கைக்கே வந்துவிட்டார்.

"மூன்று வரிதான் என்றாயே தம்பி, கோப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக இருக்கிறது. நான் எதைப் பார்ப்பது?"

நீக்கிய வரி சிவப்பிலும் சேர்த்த வரி பச்சையிலும் தெரியும். அன்றே அந்த ப்ராஜெக்ட்டுக்கு மட்டுமான ஒர்க்ஸ்பேஸ் அமைப்பில் அந்த வசதியை நிறுத்தினேன். அப்படியும் நிற்கவில்லை. பயனர் அமைப்பைவிட ஒர்க்ஸ்பேஸ் அமைப்புக்கே முன்னுரிமை என்பது உண்மைதான். ஆனால் சதுர அடைப்புக்குறிக்குள் மொழியின் பெயரைப் போட்டு எழுதிய எடிட்டர் அமைப்பு, பயனர் கோப்பில் இருந்தாலும், ஒர்க்ஸ்பேஸில் பொதுவாக எழுதியதை வென்றுவிடும். என் பயனர் கோப்பில் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கென்று அப்படி ஒரு வரி எப்போதோ எழுதியது கிடந்தது. ஒர்க்ஸ்பேஸிலும் ஜாவாஸ்கிரிப்ட் பெயரைப் போட்டே எழுதிய பிறகுதான் அடங்கியது. அரை நாள் போய்விட்டது. இந்த ஒரு விதியைப் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

இப்போது பயனர் அமைப்பில் எழுத்துரு, வண்ணத் தீம் போன்ற என் கண்ணுக்கும் கைக்கும் உரியவை மட்டும்தான். ப்ராஜெக்ட்டுக்கு உரியவை அதனதன் கோப்புறையிலேயே இருந்து, நிரல் மாற்றங்களைப் பதிந்து பகிர உதவும் கிட் வழியாகக் குழுவில் எல்லோருக்கும் போய்ச் சேர்கின்றன. அமைப்புகளையும் நீட்சிகளையும் தனித்தனித் தொகுப்பாக வைக்கும், 2023-இல் வந்த புரொஃபைல் வசதியால் பைத்தான் நீட்சிகள் கோ வேலையில் தலைகாட்டுவதில்லை. எந்தக் கோப்புறைக்கு எந்தப் புரொஃபைல் என்பதை எடிட்டரே நினைவில் வைத்துக்கொள்கிறது.

பல கோப்புறைகளை ஒரே ஜன்னலில் திறக்கும் வசதி எனக்கு ஒத்துவரவில்லை. தலைப்புப் பட்டையின் நிறம் ஜன்னலுக்குத்தான், கோப்புறைக்கு இல்லை. அந்த நிறம் எனக்கு வேண்டும். நேரலைச் சர்வரைத் தொடும் ப்ராஜெக்ட்டுக்கு அடர்சிவப்பு வைத்திருக்கிறேன். அந்த ஜன்னலுக்கு வந்தாலே கை தானாக நிதானப்படுகிறது.