8 பிரெஞ்ச் பிவிசி வயிற்றுக்குழாய்: வன்னிப் பிரசவ விடுதிகளுக்கு ஏற்றதா?

நீல மூடி போட்ட இந்த மலிவான குழாய் பாலூட்டத்தான் விற்கப்படுகிறது. ஆனால் குடல் அடைபட்ட பச்சிளங்குழந்தையை முல்லைத்தீவிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ ஏ9 வழியே யாழ்ப்பாணம் அனுப்பும்போது, தேங்கிய பித்தநீர் வாந்தியாகி நுரையீரலுக்குள் போகாமல் காப்பது இதுதான்.

பிரெஞ்ச் என்பது குழாயின் பருமனைச் சொல்லும் அளவு. நிறைமாதக் குழந்தைக்கு 8 சரி. பச்சை மூடி 6 குறைமாதக் குழந்தைக்கு. பெரிய குழந்தைக்கு அதைப் போட்டால் கெட்டியான நீரில் துளை அடைக்கும். மூக்கிலிருந்து காதுமடல், அங்கிருந்து மார்பெலும்பு நுனிக்கும் தொப்புளுக்கும் நடுப்புள்ளி வரை அளந்து, அந்த அளவில் பிளாஸ்ரர் ஒட்டுங்கள்.

பக்கத்துளைகள் குறைவு என்பதே பெரிய குறை. வயிற்றுச் சுவரில் ஒட்டினால் ஒன்றும் வடியாது. ஆகவே மூடியைத் திறந்து பையில் வடியவிட்டு, மணிக்கொருமுறை சிரிஞ்சால் மெதுவாக இழுக்க வேண்டும். மூடியை அடைத்தபடி அம்புலன்ஸில் ஏற்றினால் குழாய் போட்டும் பயனில்லை! வெளிவந்த ஒவ்வொரு மில்லிலீற்றருக்கும் ஈடாக, பொட்டாசியம் சேர்த்த நோர்மல் சேலைனை (உப்புநீரை) நாளத்தில் கொடுக்க வேண்டும்.

முறுக்கிய குடலைக் குழாய் அவிழ்க்காது. பச்சை வாந்தி கண்டால், வயிறு வீங்காவிட்டாலும் குடல் முறுக்கென்றே எடுத்துக்கொண்டு பாலை நிறுத்தி, உடனே குழந்தைச் சத்திரசிகிச்சை நிபுணரை அழையுங்கள். இரத்தோட்டம் நின்ற குடல் சில மணித்தியாலத்தில் அழுகிவிடும்.

பிவிசி சில நாளில் விறைக்கும். நெடுநாள் பாவிக்க வேண்டாம். இடமாற்றத்துக்கு இது தாராளம். தட்டில் 6, 8 இரண்டையும் வையுங்கள்.