சண்டிகரில் ஒரு காலைப்பொழுது மட்டும் இருந்தால்: கட்டடக்கலை அருங்காட்சியகமா, ழான்னரே வீடா?

சண்டிகரின் கட்டடக்கலையைப் பார்க்கச் செல்லும் பலர், நேரம் குறைவாக இருக்கும்போது இவ்விரண்டில் எதைத் தேர்வது என்று தயங்குகிறார்கள்.

பொருள்: 10ஆம் செக்டரில் (நகரம் எண்ணிட்டுப் பிரிக்கப்பட்ட பகுதிகளே செக்டர்கள்) உள்ள கட்டடக்கலை அருங்காட்சியகம் நகரம் உருவான கதையைச் சொல்கிறது, 5ஆம் செக்டரில் உள்ள வீடு, 1954 முதல் 1965 வரை அங்கு வாழ்ந்த பியர் ழான்னரே என்ற ஒரு கட்டடக்கலைஞரின் கதையைச் சொல்கிறது.

காட்சி: அருங்காட்சியகத்தில் வரைபடங்கள், மாதிரிகள், கடிதங்கள் ஆகியவற்றைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். நகரின் முதல் திட்டத்தில் அமெரிக்கத் திட்டமிடுநர் ஆல்பர்ட் மேயர் வரைந்த வளைந்த சாலைகளை, அவருடன் பணியாற்றிய மேத்யூ நோவிக்கி 1950இல் விமான விபத்தில் இறந்த பிறகு பொறுப்பேற்ற கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே எவ்வாறு நேர்கோடுகளாக்கி, ஏறத்தாழ 800க்கு 1200 மீட்டர் அளவுள்ள செக்டர்களாக வகுத்தார் என்பது அங்குதான் தெளிவாகப் புரிகிறது. வீட்டிலோ படிப்பதற்குக் குறைவு, பார்ப்பதற்கே அதிகம்: வெயிலைச் சல்லடையாக்கும் செங்கல் ஜாலிச் சுவரும், பிரம்பு பின்னிய நாற்காலிகளும், எளிய பொருள்களைக் கொண்டு எவ்வளவு செய்ய முடியும் என்பதைக் காட்டுகின்றன.

வசதி: அருங்காட்சியகத்துக்கு அருகிலேயே, கொர்புசியே வடிவமைத்த அரசு அருங்காட்சியகமும் கலைக்கூடமும் இருப்பதால் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

நகரத் திட்டமிடலைப் பயில்பவர்கள் தயங்காமல் 10ஆம் செக்டருக்கே செல்லலாம். வீடு கட்ட எண்ணுபவர்களுக்கும் அறைகலன் வடிவமைப்பில் ஆர்வமுள்ளவர்களுக்கும் ழான்னரே வீட்டையே பரிந்துரைப்பேன்.