கையடக்க எக்ஸ்ஆர்எஃப், பிஐடி: மாசுபட்ட மண்ணில் பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

மாசு இருக்கலாம் என்று சந்தேகப்படும் தொழிற்சாலை நிலங்களில் மண் மாதிரி எடுப்பதுதான் என் வேலை. உலோகங்களுக்கு, எக்ஸ்-கதிர் பாய்ச்சி அளக்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப். பெட்ரோல், கரைப்பான் போன்ற ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கு, அவற்றின் ஆவியைப் புற ஊதா விளக்கால் அயனியாக்கி அளக்கும் பிஐடி. பல வருடமாக இரண்டும் என்னோடு களத்துக்கு வருகின்றன. வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஆய்வகச் செலவை மொத்தமாக மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணத்தில் வாங்காதீர்கள். அடுத்த குழியை எங்கே போடுவது என்பதை அங்கேயே நின்று முடிவு செய்யவா? அதற்குத் தாராளமாக வாங்கலாம்.

எக்ஸ்ஆர்எஃப்பை மண்மேல் வைத்து அழுத்தினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் ஈயம், துத்தநாகம், செம்பு, ஆர்செனிக் எல்லாம் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில் திரையில் வந்துவிடும். ஆனால் அது பார்ப்பது மேலே உள்ள சில மில்லிமீட்டர் மண்ணை மட்டுமே. பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கிய இடத்து மண்ணைப் பையில் போட்டு மூன்று பக்கம் வைத்துப் பாருங்கள், மூன்று எண் வரும். ஒரு பக்கம் கசடுத் துணுக்கு ஒன்று கருவியின் அளக்கும் ஜன்னலுக்கு நேராக வந்திருக்கும், இன்னொரு பக்கம் வெறும் களிமண். கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது, மண்தான் கலக்கவில்லை.

அதனால் என் நேரத்தில் பெரும்பகுதி மண்ணைத் தயார் செய்வதிலேயே போகிறது. கல், வேர், கண்ணாடிச் சில்லைப் பொறுக்கி எடுத்து, கட்டிகளை உடைத்து, காயவைத்து, 2 மி.மீ. சல்லடையில் சலிப்பேன். முக்கியமான மாதிரி என்றால் பொடித்து 250 மைக்ரான் சல்லடையிலும் சலிப்பேன். ஈரத்தை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. களத்தில் எக்ஸ்ஆர்எஃப் பயன்படுத்துவதற்கான அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 6200ஆம் முறை, ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பிழை பெரிதாகலாம் என்கிறது. என் அனுபவமும் அதேதான். ஈர மண்ணில் எண் குறைவாகவே வரும். மாசு இருக்கும் இடத்தில் எண் குறைந்து வருவது ரொம்ப ஆபத்தான பிழை, ஏனென்றால் அதைப் பார்த்து யாரும் திரும்பச் சோதிக்க மாட்டார்கள்.

அப்புறம், ஈயம் அதிகமுள்ள மண்ணில் ஆர்செனிக் எண்ணை நம்பாதீர்கள். ஒவ்வொரு தனிமத்தையும் அது வெளிவிடும் எக்ஸ்-கதிர்க் கோடுகளை வைத்துத்தான் கருவி அடையாளம் காண்கிறது. இந்த இரண்டின் முக்கியக் கோடுகளும் 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஈயம் ஆர்செனிக்கைப் போல் பத்து மடங்கைத் தாண்டினால் ஆய்வகம்தான் வழி. முலாம் பூசும் பட்டறை நிலத்தில் குரோமியம் எண்ணிலும் கவனம் வேண்டும். கருவி காட்டுவது மொத்தக் குரோமியம். அதில் நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

உழைப்பில் குறை சொல்ல மாட்டேன். அடிக்கடி கிழிவது ஜன்னலை மூடியிருக்கும் மெல்லிய முன்பக்க பிலிம்தான். கூரான கல்மேல் நேராக அழுத்தினால் பிலிமோடு உள்ளே இருக்கும் டிடெக்டரும் போய்விடும், அந்தச் செலவு பெரியது. தினமும் காலையில் மாசில்லாத சிலிக்கா மண்ணையும், அளவு தெரிந்த சான்று மண்ணையும் வைத்துப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குவேன். பையைக் கையில் பிடித்துக்கொண்டு கதிரைப் பாய்ச்சுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். ஸ்டாண்டில் வையுங்கள்.

சரி, பிஐடி. பையில் பாதி மண், மூடி, கட்டிகளை உடைத்துக் குலுக்கி, சுமார் பத்து நிமிடம் விட்டு, முனையை நுழைத்து உச்ச எண்ணைக் குறித்துக்கொள்கிறோம். பெட்ரோல் கசிந்த இடத்தில் இது அருமையாக வேலை செய்யும். டீசல் என்றால் மந்தம்தான். விளக்கின் ஆற்றலைவிடக் குறைந்த ஆற்றலில் அயனியாகும் பொருள்தான் கருவிக்குத் தெரியும். வழக்கமான 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்கில் பென்சீன் (9.24), ட்ரைகுளோரோஎத்திலீன் (9.47) தெரியும். குளோரோபார்ம் (11.37) தெரியவே தெரியாது. திரையில் சுழியம் வந்தால் மண் சுத்தம் என்று எழுதிவிடாதீர்கள். முன்பு அங்கே என்னென்ன கரைப்பான் புழங்கியது என்று தெரியாமல் அந்தச் சுழியத்துக்கு அர்த்தமில்லை.

இதில் வரிசை மாறக்கூடாது. துளையிட்டு எடுக்கும் மண் தூண் வெளியே வந்ததும், குலைக்காமல், ஆய்வகத்துக்கான 5 கிராமை உறிஞ்சு குழலில் எடுத்து மெத்தனால் குப்பிக்குள் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். பிஐடி பை அதற்கு அப்புறம்தான். குலுக்கிய மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பினால் தேடிய பொருள் காற்றோடு போயிருக்கும். பல குழி மண்ணைக் கலந்து ஒரே மாதிரி ஆக்குவதும் இந்த வகைப் பொருளுக்கு ஆகாது.

ஆய்வகத்துக்கு எதை அனுப்புவது என்பதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. எண் அதிகம் வந்ததை மட்டும் அனுப்பி, மீதியைச் சுத்தம் என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். நாளைக்கு அந்த நிலத்தில் வீடு வரும், பிள்ளைகள் மண்ணில் விளையாடும். 6200ஆம் முறை சொல்வது, களத்தில் பார்த்த இருபது மாதிரிக்கு ஒன்றாவது ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்று. நான் அதைவிடக் கூடுதலாகவே அனுப்புவேன். எண் அதிகம் வந்தது, குறைவாக வந்தது, அனுமதிக்கப்பட்ட வரம்பை ஒட்டி நிற்பது மூன்றும் அதில் இருக்கும். வரம்பை ஒட்டி நிற்பவைதான் பிறகு முடிவை மாற்றுகின்றன.

எப்போதாவதுதான் வேலை என்றால் பிஐடியை வாடகைக்கே எடுங்கள். எடுக்கும்போது 100 பிபிஎம் ஐசோபியூட்டிலீன் வாயு சிலிண்டரையும் சேர்த்துக் கேளுங்கள், காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை சரிபார்க்க. மழைக்காலத்தில் காற்றின் ஈரம் எண்ணை இறக்கிவிடும், விளக்கில் தூசி படிந்தாலும் அப்படித்தான்.